கல்லீரல் என்னும் கடைசிப் பட்டறை

1895ஆம் ஆண்டு ஜெர்மானிய அறுவை மருத்துவர்களின் கூட்டத்தில் ஃபிராங்க்ஃபர்ட்டைச் சேர்ந்த லூட்விக் ரென் ஒரு சிறு கட்டுரை படித்தார். மறு ஆண்டு, கத்திக்குத்துப்பட்ட ஒருவரின் இதயத்தைத் தைத்துப் பிழைக்கவைத்துப் புகழ்பெறப்போகிறவர் அவர். அன்று பேசியதோ அத்தனை வீரமான சங்கதி பற்றி அன்று. ஃபுக்சின் என்ற கருஞ்சிவப்புச் சாயம் காய்ச்சும் ஆலையொன்றில் 45 பேர் வேலை செய்த பிரிவில், ஒரு கைவிரல்களுக்குள் எண்ணிவிடக்கூடிய சிலருக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வந்திருந்தது. எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் வெளியே எங்கோ ஒருவருக்கு வரும் நோய், ஒரே கூரையின் கீழ் இத்தனை பேருக்கு வந்தது எப்படி என்று ரென் கேட்டார். ஆலையில் புழங்கிய அனிலின் ஆவியின் மீது அவருடைய சந்தேகம் விழுந்தது. நோய்க்கு ‘அனிலின் புற்று’ என்று பெயர் நிலைத்தது. அந்தப் பெயர்தான் அடுத்த அறுபது ஆண்டுகளின் குழப்பத்துக்கு வித்திட்டது என்பது என் எண்ணம். ஒரு நோய்க்கு ஒரு பொருளின் பெயரைச் சூட்டியதும், அந்தப் பொருள் பீப்பாயில் இருக்கும்போதே நஞ்சா இல்லையா என்ற கேள்வி முன்னுக்கு வந்துவிடுகிறது. தொழிலாளியின் உடலுக்குள் போனபின் அது என்னவாக மாறுகிறது என்று கேட்க ஆளில்லாமல் போயிற்று. சாயத் தொழிலின் வரலாற்றில் சிறுநீர்ப்பைப் புற்று பற்றிய வழக்கு நெடுங்காலம் இழுத்ததற்கு ஆலை முதலாளிகளின் பிடிவாதம் ஒரு காரணம். கேள்வியே பிசகியிருந்தது இன்னொரு காரணம். இரண்டும் ஒன்றுக்கொன்று துணை நின்றன.

அந்தத் தொழில் பிறந்த விதமே ஒரு விபத்து. 1856இல் லண்டனில் 18 வயது வில்லியம் பெர்கின் மலேரியாவுக்கான குயினைனைச் செயற்கையாகச் செய்யப் பார்த்து, ஊதாச் சாயத்தில் போய் முட்டினார். நிலக்கரியிலிருந்து விளக்கெரிக்கும் வாயு எடுத்தபின் மிஞ்சிய தார் அதுவரை தலைவலியாக இருந்தது; திடீரென்று பொன் விளையும் சேறாயிற்று. 1859இல் ஃபுக்சின் வந்தது, 1869இல் செயற்கை அலிசரின் வந்தது. மஞ்சிட்டியிலிருந்து எடுத்த சிவப்பை இந்த அலிசரின் ஐரோப்பாவில் ஒழித்தது போலவே, சோழமண்டலக் கரையில் சாயவேரை நம்பியிருந்தவர்களின் சிவப்பையும் சில பத்தாண்டுகளில் ஒழித்தது. வேர் தோண்டிய கைகளுக்கு வேலை போனது ஒரு கதை. வேருக்குப் பதிலாகத் தாரைக் காய்ச்சிய கைகளுக்கு என்ன ஆயிற்று என்பது இன்னொரு கதை; நாம் பார்க்கப்போவது அதை.

தாரிலிருந்து சாயம் வரை நேர்வழி கிடையாது. நடுவில் பல பொருள்களைத் தாண்ட வேண்டும். அவற்றுள் முக்கியமானவை அரோமாட்டிக் அமீன்கள்: கார்பன் வளையத்தோடு ஒரு நைட்ரஜனும் இரண்டு ஹைட்ரஜனும் தொங்கும் சேர்மங்கள். அனிலின் இவற்றில் எளியது, ஒற்றை வளையம். வளையம் இரண்டாகும்போது 2-நாஃப்தைலமீன், பென்சிடின் போன்றவை கிடைக்கும். 1884இல் பென்சிடினிலிருந்து காங்கோ சிவப்பு செய்யப்பட்டபோது, சாயத்தைத் துணியில் பிடிக்கவைக்கப் படிகாரம் முதலிய எதுவுமே வேண்டாம், வெந்நீரில் பருத்தியை முக்கினால் போதும் என்ற நிலை வந்தது. பருத்தி நெய்யும் உலகம் முழுவதும் பென்சிடினைத் தேடியது. ஆலைகளில் இந்த அமீன்களை மண்வெட்டியால் அள்ளினார்கள், தூள் பறக்க மூட்டை கட்டினார்கள், கொதிகலனைத் திறந்து ஆவியில் முகம் காட்டினார்கள். தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலுக்குள் போவதற்கு இவற்றுக்கு எந்தத் தடையும் இல்லை. ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் நோயாளிகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே வந்தது. 1921இல் ஜெனீவாவின் சர்வதேசத் தொழிலாளர் அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, பென்சிடினையும் 2-நாஃப்தைலமீனையும் பெயர் சொல்லியே குற்றம் சாட்டியது. தூளும் ஆவியும் தொழிலாளி மேல் படாதபடி ஆலையை மாற்ற வேண்டும் என்றும் சொன்னது.

1921 என்ற அந்த ஆண்டை வாசகர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் முதல் உலகப் போரில் ஜெர்மன் சாயம் கிடைக்காமல் போனதால் அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனம் நியூஜெர்சியின் டீப்வாட்டரில் சாயத் தொழிலைத் தொடங்கியது 1917இல். 1930களின் தொடக்கத்தில் அங்கும் சிறுநீர்ப்பைப் புற்று தலைகாட்டியது. நிறுவனத்தின் மருத்துவத் தலைவரே 1936இல் அமெரிக்க மருத்துவ இதழில் அதை ஒப்புக்கொண்டு எழுதினார். ஒப்புக்கொள்வது ஒன்று, எந்தப் பொருள் குற்றவாளி என்று ஏற்பது வேறொன்று. ஆய்வுக்கூடத்தில் எலிக்கும் முயலுக்கும் 2-நாஃப்தைலமீனைக் கொடுத்துப் பார்த்தவர்களுக்குச் சிறுநீர்ப்பையில் பெரும்பாலும் எதுவும் கிடைக்கவில்லை. அனிலினைக் கொடுத்தவர்களுக்கும் அப்படியே. விலங்கில் வராத நோயை மனிதனில் இந்தப் பொருள்தான் உண்டாக்கியது என்று எப்படிச் சொல்வது? கேட்பதற்கு நியாயமான கேள்வி. ஆலைக்கு வசதியான கேள்வியும்கூட. ஆண்டுக்கணக்கில் உற்பத்தியை நடத்திக்கொண்டே விடைக்குக் காத்திருக்கலாம் அல்லவா.

அந்த நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் நோயியலாளராக இருந்த வில்ஹெல்ம் ஹூப்பர் எலியை விட்டு நாய்க்குப் போனார். பெண் நாய்களுக்கு மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் 2-நாஃப்தைலமீன் கொடுக்கப்பட்டது. மனிதரில் கண்ட அதே கட்டிகள் அவற்றின் சிறுநீர்ப்பையிலும் வளர்ந்தன. அந்தக் கட்டுரை 1938இல் அச்சேறியது. அதற்குள், 1937இலேயே, ஹூப்பரின் வேலை போயிருந்தது. அவர் மறுபடி அரசாங்கத்தின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் 1948இல் ஒரு பிரிவைப் பெற்றுத் தன் சண்டையைத் தொடர்ந்தது தனிக் கதை. இங்கே நமக்கு வேண்டியது அந்த நாய். எலி தப்பித்தது, நாய் மாட்டிக்கொண்டது. ஒரே மருந்து, ஒரே கை. பொருள் தன்னளவில் நஞ்சென்றால் இரண்டையும் கொன்றிருக்க வேண்டும். நஞ்சில்லையென்றால் இரண்டையும் விட்டிருக்க வேண்டும். பொருளில் மட்டும் விடையைத் தேடியவர்களுக்கு இந்த முரண் ஒரு சங்கடம். ‘நாய் ஒரு விதிவிலக்கு’ என்று ஒதுக்கிவிட்டு நகர்ந்தவர்கள் உண்டு. நாயின் உடல் அந்தப் பொருளை வைத்து என்ன செய்தது என்று கேட்க இன்னும் பத்தாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தக் கேள்வியும் சாயத்தின் வழியாகவே வந்தது. 1930களில் ஜப்பானியர் சிலர், குறிப்பாக யோஷிதா தோமிசோவும் அவரைத் தொடர்ந்த கினோசிதாவும், அசோ சாயங்களைத் தீனியில் கலந்து கொடுத்து எலியின் கல்லீரலில் புற்றை வரவழைத்தார்கள். அதில் ஒன்றுக்கு ‘வெண்ணெய் மஞ்சள்’ என்று பெயர். வெண்ணெய்க்கும் மார்கரினுக்கும் நிறமேற்றியதால் வந்த பெயர். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில், மெக்ஆர்டில் ஆய்வுக்கூடத்தில், ஜேம்ஸ் மில்லரும் எலிசபெத் மில்லரும் என்ற கணவன் மனைவி இந்த மஞ்சளை எலிக்குக் கொடுத்து, கல்லீரலை அரைத்து, அதிலுள்ள புரதத்தைத் தனியே பிரித்துக் கழுவினார்கள். எந்தக் கரைப்பானில் அலசினாலும் சாயத்தின் ஒரு பங்கு போகவில்லை. சாயக்காரர் மொழியில் சொன்னால், எலியின் ஈரலில் சாயம் கெட்டியாகப் பிடித்துவிட்டது. 1947இல் அவர்கள் இதை வெளியிட்டபோது அதிலிருந்த நுட்பம் இதுதான்: அதே மஞ்சளைக் கண்ணாடிக் குடுவையில் புரதத்தோடு கலந்தால் இப்படிப் பிடிக்காது. ஆகவே பிடித்தது வெண்ணெய் மஞ்சள் அன்று. வெண்ணெய் மஞ்சளைக் கொண்டு ஈரல் செய்த வேறு ஏதோ ஒன்று. ஆலையில் தயாரித்து முடிந்ததாக எண்ணி மூட்டை கட்டி அனுப்பிய சரக்குக்கு இன்னொரு பட்டறையில் இன்னொரு கட்டத் தயாரிப்பு நடக்கிறது.

அந்தக் கட்டத்தைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு மேலும் பதின்மூன்று ஆண்டுகள் பிடித்தன. இதற்கு உதவியது ஒரு பூச்சிக்கொல்லி. அசிட்டைலமினோஃப்ளூரின் என்ற பொருளைப் பூச்சி மருந்தாக விற்கலாம் என்று எண்ணி, அமெரிக்க வேளாண் துறையினர் 1941இல் எலிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்; எலிக்கு உடலெங்கும் புற்று வந்தது. மருந்து சந்தைக்கு வரவில்லை, ஆனால் புற்றுநோய் ஆய்வாளர்களுக்கு அருமையான கருவியாயிற்று. 1960இல் மில்லர் குழுவினர் இந்தப் பொருளைத் தின்ற எலியின் சிறுநீரில் புதிய ஒன்றைக் கண்டார்கள்: நைட்ரஜன் மேல் ஓர் ஆக்சிஜன் ஏறியிருந்தது. இந்த ஆக்சிஜன் ஏறிய பொருளைத் தனியே செய்து கொடுத்தால், மூலப்பொருளைவிட வேகமாகப் புற்று வந்தது. ஆய்வின் மகுடம் கினிப்பன்றி. மூலப்பொருளை எவ்வளவு தின்றாலும் கினிப்பன்றிக்குப் புற்று வராது என்பது தெரிந்த சங்கதி. அதன் ஈரல் இந்த ஆக்சிஜனை அநேகமாக ஏற்றுவதில்லை என்று இப்போது தெரிந்தது. ஏற்கெனவே ஆக்சிஜன் ஏற்றிய பொருளை நேரே கொடுத்தபோது கினிப்பன்றிக்கும் கட்டி வந்தது. எலி, நாய், கினிப்பன்றி ஆகியவற்றுக்கு இடையே இருந்த வேறுபாடு தாங்கும் வலுவில் இல்லை. அவற்றின் ஈரல்கள் கற்றுவைத்திருந்த கைவேலையில் இருந்தது.

இந்தக் கைவேலை எதற்காக என்று கேட்டால், காப்பதற்காக. சாப்பாட்டோடும் புகையோடும் உள்ளே வரும் பல பொருள்கள் கொழுப்பில் கரையுமே தவிர நீரில் கரையா. நீரில் கரையாததைச் சிறுநீரகம் வெளியேற்ற முடியாது. ஆகவே கல்லீரலில் சைட்டோகுரோம் பி450 என்ற நொதிக் குடும்பம் அந்தப் பொருளின் மேல் ஓர் ஆக்சிஜனை ஏற்றி ஒரு கைப்பிடி வைக்கிறது. அடுத்து வேறு நொதிகள் அந்தக் கைப்பிடியில் குளுக்குரோனிக் அமிலத்தையோ சல்ஃபேட்டையோ மாட்டுகின்றன. இப்போது பொருள் நீரில் கரையும், வெளியே போகும். பெரும்பாலான பொருள்களுக்கு இந்த ஏற்பாடு நன்றாகவே நடக்கிறது. சிக்கல், கைப்பிடி வைத்ததும் சில பொருள்களின் குணம் மாறிவிடுவதில் இருக்கிறது. அமீனின் நைட்ரஜன் மேல் ஆக்சிஜன் ஏறி, பிறகு அது உதிரும்போது, நைட்ரஜன் எலக்ட்ரானுக்குப் பசித்துத் தவிக்கும் துண்டாகிறது. அணுக்கருவில் டிஎன்ஏவின் எழுத்துகளில் ஒன்றான குவானின் எலக்ட்ரான் நிறைந்தது. பசித்த துண்டு அதன் எட்டாம் கார்பனில் போய் ஒட்டிக்கொள்கிறது. மில்லர் குழுவும் அவர்களோடு வேலை செய்தவர்களும் 1960களின் நடுப்பகுதியில் இந்த ஒட்டலை அடையாளம் கண்டார்கள். அதே காலத்தில், 1964இல், லண்டனில் ப்ரூக்ஸும் லாலியும் தார்ப் பொருள்களின் மற்றொரு குடும்பத்தில், எலித் தோலின் டிஎன்ஏவில் எவ்வளவு ஒட்டுகிறதோ அவ்வளவு புற்று வருகிறது என்று காட்டினார்கள். புரதத்தில் ஒட்டும் அளவு அப்படிப் பொருந்தவில்லை. சாயம் எங்கெங்கோ பிடித்தாலும், கறையாவது டிஎன்ஏவில் பிடித்ததுதான்.

ஆனால் ஈரலில் செய்த பொருள் சிறுநீர்ப்பையை ஏன் தாக்க வேண்டும்? ரென்னின் காலம் முதல் எல்லாரையும் குடைந்த இந்தப் புதிருக்கு விடை 1977இல் வந்தது. அதிலும் மில்லர் தம்பதியின் பெயர் இருக்கிறது, முன்னின்று செய்தவர் ஃப்ரெட் காட்லுபார். ஆக்சிஜன் ஏறிய அமீனைக் கல்லீரல் குளுக்குரோனிக் அமிலத்தோடு கட்டி அனுப்புகிறது. அந்தக் கட்டு இரத்தத்தில் பத்திரமாகப் பயணம் செய்து, சிறுநீரகம் தாண்டி, சிறுநீர்ப்பையில் வந்து தங்குகிறது. மனிதனின் சிறுநீரும் நாயின் சிறுநீரும் லேசான அமிலத்தன்மை உடையவை. அந்தப் புளிப்பில் கட்டு அவிழ்கிறது. அவிழ்ந்த துண்டு மணிக்கணக்கில் சிறுநீர்ப்பையின் உட்சுவரைத் தொட்டுக்கொண்டு கிடக்கிறது. நஞ்சை மூட்டை கட்டி ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டும் வண்டி, எல்லைச் சாவடியில் நிற்கும்போது மூட்டை கிழிந்த கதை. ஒட்டல்கள் பெரும்பாலானவற்றைச் செல்லின் பழுதுபார்க்கும் நொதிகள் வெட்டி எடுத்துப் புதிதாக எழுதிவிடும். தப்பிய ஒன்று, செல் பிரியும்போது தவறாகப் படிக்கப்பட்டு நிரந்தரப் பிழையாகும். அப்படிப் பல பிழைகள் ஒரே செல்லின் வழித்தோன்றல்களில் சேர்ந்தால்தான் புற்று. ஆகவேதான் சாயத் தொழிலாளிக்குப் பதினைந்து, இருபது ஆண்டுகள் கழித்து இரத்தம் கலந்த சிறுநீர் போகிறது. சிலர் அதற்குள் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள். ஆலைப் பதிவேட்டில் அவர்களுடைய பெயர் ஆரோக்கியமாகவே இருக்கும்.

நாயின் புதிரும் இங்கே தீர்கிறது. அமீனின் நைட்ரஜன் மேல் ஆக்சிஜன் ஏறுவதற்குப் போட்டியாக வேறொரு வழியும் உண்டு: அசிட்டைல் குழு ஒன்றை நைட்ரஜனில் ஒட்டி, அந்த வாசலை அடைத்துவிடலாம். எலியும் முயலும் இதை நன்றாகச் செய்யும். நாயின் உடலில் இந்த நொதிக்கான மரபணுவே கிடையாது. ஆகவே நாயில் அமீன் ஆபத்தான வழியில் போக வாய்ப்பு அதிகம். மனிதர்களோ இரண்டுக்கும் நடுவே இருக்கிறோம், அதிலும் ஒவ்வொருவரும் ஒரு மாதிரி. எலியைக் காட்டி ஆலையைக் காத்தவர்கள், மனிதனுக்கு எந்த விலங்கு நெருக்கம் என்று தெரியாமலேயே தங்களுக்கு நெருக்கமான விலங்கைத் தேர்ந்திருந்தார்கள்.

இவ்வளவையும் கேட்டபின் ஒருவர் இப்படிச் சொல்லலாம்: அப்படியானால் ஆலைகளைக் குறை சொல்வதில் நியாயமில்லையே, வேதிவினை 1977 வரை புரியவில்லை என்றால், 1930களில் யார் என்ன செய்திருக்க முடியும்? இது நேர்மையான எதிர்வாதம்தான், ஆனால் ஆண்டுகள் இதை ஏற்கவில்லை. 1921 அறிக்கைக்கு ஈரலைப் பற்றி எதுவும் தெரியாது. பெயரைச் சொல்லி எச்சரிக்கத் தெரிந்திருந்தது. 1954இல் பிரிட்டனில் ராபர்ட் கேஸ் வெளியிட்ட ஆய்வுக்கும் ஈரல் தேவைப்படவில்லை. வேதிப்பொருள் உற்பத்தியாளர்கள் சங்கமே பணம் கொடுத்த ஆய்வு அது. அவர் செய்ததெல்லாம் பதிவேடுகளையும் இறப்புச் சான்றிதழ்களையும் ஒப்பிட்டது. பிற மக்களோடு பார்க்கையில் இந்தத் தொழிலாளர்கள் சிறுநீர்ப்பைக் கட்டியால் இறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய முப்பது மடங்கு என்று கணக்கு வந்தது. 2-நாஃப்தைலமீனைக் காய்ச்சி வடித்த ஒரு சிறு குழுவில் ஒருவர் விடாமல் அத்தனை பேருக்கும் புற்று. இதே ஆய்வுதான் அனிலின் மேல் மட்டும் வேலை செய்தவர்களிடம் அப்படி ஒரு சுமையைக் காணவில்லை. ஃபுக்சின் செய்தவர்களிடம் கண்டது. ரென் பார்த்தது சரி, சூட்டிய பெயர் பிசகு. பிரிட்டனில் 2-நாஃப்தைலமீன் உற்பத்தி கேஸின் முடிவுகள் அச்சேறும் முன்பே, 1940களின் இறுதியில், நின்றது. டீப்வாட்டரில் 1955 வரை நடந்தது. ஹூப்பரின் நாய்களுக்குப் பின் பதினேழு ஆண்டுகள். அங்கே நோய்ப்பட்டவர்கள் கடைசியில் முன்னூறைத் தாண்டினார்கள். உடலுக்குள் நடப்பது புரிந்தால்தான் தடுக்க முடியும் என்ற வாதத்துக்கு இந்தப் பதினேழு ஆண்டுகளில் இடமில்லை. புரியாமை ஒரு சாக்காகப் பயன்பட்டது. ஈரலின் கதை தெரிந்திருந்தால் அந்தச் சாக்கு மட்டும் சீக்கிரம் கையை விட்டுப் போயிருக்கும்.

ஈரலின் கதை இன்றியமையாததாக ஆன இடம் வேறு: முடிந்த சாயம். அமீன்களைக் கையாள்பவருக்குத்தான் ஆபத்து, அமீனைக் கோத்துச் செய்து முடித்த அசோ சாயத்தில் அமீன் தனியாக இல்லையே என்று தொழில் நெடுநாள் நம்பியது. குடுவையில் பார்த்தால் உண்மைதான். 1970களின் தொடக்கத்தில் கியோட்டோவில் சிறுநீரியல் மருத்துவர் யோஷிதா ஒசாமு, பட்டுக் கிமோனோவில் கையால் சித்திரம் தீட்டுபவர்களிடம் சிறுநீர்ப்பைப் புற்று அதிகம் என்று கண்டார். தூரிகையின் முனையைக் கூராக்க அவர்கள் உதட்டில் வைத்து நனைப்பது வழக்கம். அவர்கள் விழுங்கியது சாயம், அமீன் அன்று. 1975இல் பென்சிடினிலிருந்து செய்த சாயங்களை ரீசஸ் குரங்குகளுக்குக் கொடுத்தபோது, சிறுநீரில் பென்சிடின் வந்தது. குடலிலுள்ள பாக்டீரியாவும் கல்லீரலும் சாயத்தின் நடுவிலுள்ள இரட்டை நைட்ரஜன் முடிச்சை அவிழ்த்துவிடுகின்றன. ஆலை கோத்ததை உடல் பிரித்து, ஆலையின் வாசலில் நிறுத்தப்பட்ட மூலப்பொருளை மறுபடி உண்டாக்கிக்கொள்கிறது. 1973இல் ப்ரூஸ் ஏம்ஸ் புற்றூக்கிகளைச் சோதிக்க ஒரு பாக்டீரியா முறையைச் சீராக்கியபோது, தட்டில் பாக்டீரியாவோடு எலி ஈரலின் சாற்றையும் சேர்த்தது இதே அறிவினால்தான். ஈரல் சேர்க்காத தட்டில் 2-நாஃப்தைலமீன் போன்றவை நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கும்.

இப்போது மிகக் கூர்மையான எதிர்வாதத்துக்கு வருவோம். உடல்தான் கடைசித் தயாரிப்பைச் செய்கிறது என்றால், நோய்க்குப் பொறுப்பும் உடலுடையதாகிவிடாதா? இந்த வாதத்துக்கு 1982இல் ஓர் ஆயுதம் கிடைத்தது. இங்கிலாந்தின் சாயத் தொழில் நகரமான ஹட்டர்ஸ்ஃபீல்டில் ரேமண்ட் கார்ட்ரைட் குழுவினர், சிறுநீர்ப்பைப் புற்று வந்த சாயத் தொழிலாளர் 23 பேரைச் சோதித்தார்கள். 22 பேர் மேலே சொன்ன அசிட்டைல் வேலையை மெதுவாகச் செய்யும் உடல்வாகினர். நாயின் பக்கம் சாய்ந்த மனிதர்கள் என்று சொல்லலாம். அப்படியானால் வேலைக்கு எடுக்கும்போதே இரத்தம் பார்த்து, வேகமான உடல்வாகினரை மட்டும் எடுத்தால் ஆயிற்றே என்று நினைக்கத் தோன்றும். அந்த யோசனை எந்தெந்த வழியில் உடைகிறது என்பதைக் காட்ட ஒரு சென்னை ஆய்வு உதவும். 1956இல் தொடங்கிய காசநோய் மருத்துவ ஆய்வு மையத்தில், ஐசோநியாசிட் மாத்திரையை நோயாளிகளின் உடல் எவ்வளவு வேகத்தில் செயலிழக்கச் செய்கிறது என்று கங்காதரம் முதலியோர் 1961இல் அளந்தார்கள். அந்த மாத்திரையை அடக்குவதும் இதே நொதிதான். தென்னிந்தியர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மெதுவான வகை. காசநோயாளிக்கு அது நல்லதுகூட; மருந்து உடலில் அதிக நேரம் நிற்கும். வாரம் ஒரு முறை மருந்து கொடுக்கும் முறையில் தோற்றவர்கள் பெரும்பாலும் வேகமான வகையினர். சென்னையில் வரமாக இருந்த உடல்வாகு ஹட்டர்ஸ்ஃபீல்டில் சாபமானது என்றால், குறை உடலில் இல்லை, அதன் முன் வைக்கப்பட்ட பொருளில்தான் என்பது தெளிவு. மக்கள்தொகையில் பாதியை ‘பலவீனர்’ என்று எந்தச் சோதனைச்சாலையும் அழைக்க முடியாது.

அதற்கும் மேல் ஒன்று. பென்சிடினைக் கையாண்ட சீனத் தொழிலாளர்களிடம் 1993இல் வெளியான ஆய்வில், மெதுவான வகையினருக்குக் கூடுதல் ஆபத்து தென்படவில்லை. பென்சிடினில் இரண்டு நைட்ரஜன்கள். ஒன்றில் அசிட்டைல் ஏறினால் வாசல் அடைபடுவதில்லை. மற்றொன்றில் ஆக்சிஜன் ஏறுவதற்கு அது வழி விடுகிறது. ஒரு மூட்டையில் காப்பு, அடுத்த மூட்டையில் அபாயம். ஆளைத் தேர்ந்தெடுக்கும் ஆலை ஒவ்வொரு சரக்குக்கும் ஒவ்வொரு உடல்வாகைத் தேட வேண்டியிருக்கும். கேஸ் கண்ட அந்தச் சிறு குழுவையும் நினைத்துப்பாருங்கள்: அத்தனை பேரும் மெதுவான வகை என்பது நம்பத்தக்கதா? அளவு மிஞ்சும்போது எந்த வேகமும் போதவில்லை என்பதே பொருத்தமான விளக்கம். உடல்வாகு வேறுபாடு யாருக்கு முதலில் நோய் வரும் என்பதைத் தீர்மானிக்கலாம். நோய் வருமா என்பதைத் தீர்மானித்தது மண்வெட்டி. சிகரெட் புகையிலும் 2-நாஃப்தைலமீனும் 4-அமினோபைஃபினைலும் இருப்பதால், இந்தக் கணக்கு ஆலை மதிலோடு முடியவில்லை என்பதையும் போகிற போக்கில் சொல்லி வைக்கலாம்.

சட்டம் இதைப் புரிந்துகொண்ட விதம் சுவையானது. 1994இல் ஜெர்மனி தோலைத் தொடும் துணிகளில் சில அசோ சாயங்களைத் தடை செய்தபோது, சாயங்களின் பெயர்ப் பட்டியல் ஒன்றைப் போட்டு விட்டுவிடவில்லை. உடைந்தால் இன்னின்ன அமீன்களைத் தரக்கூடிய எந்தச் சாயமும் கூடாது என்று எழுதியது. பீப்பாயிலுள்ள பொருளைப் பார்த்துக்கொண்டிருந்த சட்டம், உடலுக்குள் அது என்னவாகும் என்று முதன்முறையாகக் கேட்டது. ஐரோப்பா முழுவதும் 2002இல் அதே வழியில் போயிற்று. இந்தியாவில் 1997இல் 70 அசோ சாயங்களைக் கையாளத் தடை வந்தது. ஜெர்மனிக்குப் பின்னலாடை அனுப்பிய திருப்பூரும், படுக்கை விரிப்பு அனுப்பிய கரூரும் இந்தப் பட்டியலை மனப்பாடமாகக் கற்க வேண்டியதாயிற்று. சாயப்பட்டறைக்காரர் வாங்கும் ஒவ்வொரு டப்பாவுக்கும் சான்றிதழ் கேட்பது வழக்கமாயிற்று.

சோதனை எளிமையானது. துணியின் சிறு துண்டை வெட்டி, லேசாகப் புளிப்புள்ள கரைசலில், 70 பாகை வெப்பத்தில், சோடியம் டைதயோனைட் என்ற உப்போடு அரை மணி நேரம் வைக்கிறார்கள். கியோட்டோ ஓவியரின் குடலில் பாக்டீரியா செய்த வேலையை இந்த உப்பு செய்கிறது; இரட்டை நைட்ரஜன் முடிச்சு அவிழ்கிறது. வெளிவரும் அமீன்களைப் பிரித்தெடுத்து அளக்கிறார்கள். ஒரு கிலோ துணிக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் ஏதேனும் ஒன்று இருந்தால் சரக்கு திரும்பும். பட்டியலில் 22 பெயர்கள். முதல் நான்குக்குள்ளேயே 4-அமினோபைஃபினைல், பென்சிடின், 2-நாஃப்தைலமீன் மூன்றும் வந்துவிடுகின்றன. 2020இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றூக்கியாக இருக்க வாய்ப்புண்டு என்று வகைப்படுத்திய பிறகும், ரென்னின் காலத்தில் நோய்க்கே பெயரைக் கொடுத்த அனிலின் அந்த இருபத்திரண்டில் இல்லை.